பதினெட்டாம் தேதிக்குள் தீர்க்க வேண்டிய நிமிஷங்கள்

பாப்பா,

இந்தக் கடிதம் உன் பெரிய பெட்டியில், பருப்புப் பொடிப் பொட்டலத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் இருக்கும். நீ இரண்டு தடவை எடை போட்டுப் பூட்டிய பெட்டியைத் திறந்தது நான்தான். கோபித்துக்கொள்ளாதே, ஐந்தாறு தாளின் எடைக்கு விமானம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. இருபத்தெட்டு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறேன் என்று உன் ஆபீஸ் தோழிகள் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். கடிதத்தை அவர்களிடம் காட்டாதே, அவ்வளவுதான். சிகாகோவில் போய் இறங்கி, பெட்டியைப் பிரித்து, சமையலறையில் எதை எங்கே வைப்பது என்று நீ முழிக்கும் நேரத்தில் இது உன் கையில் கிடைக்கவேண்டும் என்றுதான் சாமான்களோடு வைத்தேன். ஆபீஸ் காகிதங்களோடு வைத்தால் நீ ஆறு மாதம் கழித்துத்தான் பார்ப்பாய்.

ஏர்போர்ட்டில் புத்திமதி சொல்லும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ட்ராலியைத் தள்ளிக்கொண்டே தலையாட்டுவார்கள். நீயும் அப்படித்தான் ஆட்டுவாய், பிறகு "லைட் லோ அப்பா, டென்ஷன் நக்கோ" என்பாய், லேசாக எடுத்துக்கோ, கவலை வேண்டாம் என்று. நான் தமிழில் கேட்பதற்கு நீ ஹைதராபாத் ஹிந்தி கலந்து பதில் சொல்ல ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நான் சொல்ல நினைப்பது மூன்று வரியில் சொல்லக்கூடியதுதான். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது நீ வாங்கிக் கொடுத்த போனைப் பற்றியது.

உனக்கு ஞாபகம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், உன் கம்பெனியில் ஏதோ கார்ப்பரேட் ப்ளான் என்று சொல்லி, வீட்டுக்கும் ஒரு சிம் வாங்கி வந்தாய். கறுப்பு நிற போன், ரப்பர் பொத்தான்கள், முதுகில் பெரிய ஸ்பீக்கர். மாதம் ஐந்நூறு நிமிஷம் இந்தியா முழுக்க எந்த ஊருக்கும் இலவசம் என்றாய். பேசாத நிமிஷம் என்ன ஆகும் என்று கேட்டேன். பதினெட்டாம் தேதி பில் போட்டதும் போய்விடும், அடுத்த மாதத்துக்கு வராது என்று சொல்லிவிட்டு நீ குளிக்கப் போய்விட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை, பாப்பா. ஒரு பொருள் இருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது, ஒரு தேதி வந்ததும் யாருக்கும் உதவாமல் காணாமல் போகும் என்றால் என்ன நியாயம்?

நாங்கள் எஸ்.டி.டி. பூத் காலத்து ஆட்கள். குஷாய்குடா கூட்டு ரோட்டில் இருந்த அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உன்னையும் இடுக்கிக்கொண்டு நின்று ஊருக்குப் பேசியிருக்கிறேன். சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். "எல்லாரும் சுகந்தானே, இங்க சுகம், வெச்சிரட்டுமா" என்று மூச்சுவிடாமல் முடித்து, அறுபதாவது நொடிக்கு முன்னால் ரிசீவரை வைத்துவிட்டு ஜெயித்தவன்போல் வெளியே வருவேன். எதிர்முனையில் ஒருவர் யோசித்தால்கூட என் கை ரிசீவரை வைக்கப் போய்விடும். போனில் பேச்சு நின்றால் லைன் கெட்டுவிட்டது என்று அர்த்தம், வைத்துவிட வேண்டியதுதான். அப்படிப் பழகிய கையில் மாதம் ஐந்நூறு நிமிஷத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? நான் ஒரு நோட்டுப் போட்டேன்.

அந்த நோட்டை நீ பார்த்துச் சிரித்திருக்கிறாய். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன் வேறென்ன செய்வான்? வருகிற வயர்லெஸ் செட் ஒவ்வொன்றையும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். கரகர என்று சத்தம் வந்தால் சிவப்பு ஸ்டிக்கர், சுத்தமாக இருந்தால் டிக். அதே பழக்கத்தில் சொந்தக்காரர்கள் இருபத்தைந்து பேரை வரிசையாக எழுதினேன். மாதம் முழுக்க வீட்டுத் தேவைக்குப் பேசியது போக, பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதினெட்டு வரை மிச்ச நிமிஷங்களைத் தீர்க்கும் வேலை. ஆளுக்கு ஒரு தேதி, ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். உடம்பு எப்படி, மழை உண்டா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், சாப்பிட்டாச்சா என்று கேள்விகள். பதில் வந்ததும் டிக். சங்கரன்கோவில் மாமா ஒருநாள் போனை எடுத்ததுமே, "இன்னைக்குத் தேதி பதினாலாவே? காலண்டரக் கிழிக்க மறந்துட்டேன், நல்லவேளை நீரு கூப்பிட்டீரு" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் வேறு சொன்னேன். அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். மிச்சம் மீதி இருந்தால்தான் இவன் நம்மைக் கூப்பிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டது எனக்குத்தான் ரொம்ப நாள் கழித்து உறைத்தது.

அந்த லிஸ்டில் பதினாறாம் தேதிக்காரி உன் பெரியம்மா. உன் அம்மாவுக்கு ஒரே அக்கா, கோவில்பட்டியில் இருப்பவள். அந்தத் தை மாதம்தான் பெரியப்பா தவறினார். நீயும் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாய். பிள்ளை இல்லாத வீடு. எங்களோடு ஹைதராபாத் வந்துவிடு என்று உன் அம்மா பதினாறு நாளும் கெஞ்சினாள். அவள் கேட்கவில்லை, இந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சரி, மாதாமாதம் விசாரித்துக்கொள்வோம் என்று நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஐந்து மாதம் பதினாறாம் தேதி தவறாமல் கூப்பிட்டேன். "சாப்ட்டாச்சா மதினி?" "ஆச்சு தம்பி." டிக். நோட்டில் ஐந்து டிக் வரிசையாக, நீல மையில், இன்றைக்கும் இருக்கிறது.

ஆடி பிறக்கிற சமயம் நிமிஷங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பன்னிரண்டாம் தேதி வழக்கம்போல் மிச்சம் எவ்வளவு என்று போனில் பார்த்தால், பூஜ்யம். ஐந்நூறு நிமிஷமும் தீர்ந்துவிட்டது என்கிறது. நான் பேசவில்லை. எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது உனக்குத் தெரியும், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அது பகலெல்லாம் வீட்டில் ப்ரிட்ஜுக்கு மேல்தான் கிடக்கும். உன் அம்மாவிடம் கேட்டால், அக்காவிடம் கொஞ்சம் பேசினேன் என்றாள். கொஞ்சம் பேசினால் ஐந்நூறு தீருமா? கம்பெனிக்காரன் தப்பாகக் கணக்கெடுக்கிறான் என்று முடிவு கட்டி, சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹப்சிகுடா ஷோரூமுக்குப் போய்விட்டேன். புகார் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியெல்லாம் குறித்துக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் உன் வயதுதான் இருப்பாள். என் புகாரைப் பொறுமையாகப் படித்தாள், கம்ப்யூட்டரைத் தட்டினாள், மூன்று பக்கம் பிரின்ட் எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரே நம்பர். நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் காலை பத்தரைக்கு மேல், தவறாமல் அரைமணி நேரம். "அங்கிள், யே நம்பர் கிஸ்கா ஹை, மாலூம்?" என்றாள், இது யார் நம்பர் தெரியுமா என்று, தணிந்த குரலில். வீட்டில் ஏதோ வில்லங்கம், பெரியவர் மனசு நோகக்கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. கோவில்பட்டி நம்பர் எனக்கு மனப்பாடம். புகாரை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வழி நெடுக ஒரே யோசனை, அக்கா தங்கச்சி தினமும் அரைமணி நேரம் அப்படி என்னதான் பேசுவார்கள்?

திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் வீட்டுக்குள் நானே சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றினேன். சமையலறை வாசலில் நின்று பார்த்தால், உன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு புடலங்காய் நறுக்குகிறாள். போன் உப்பு ஜாடியில் சாய்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. யாரும் பேசவில்லை. நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். போனிலிருந்து குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. ஒரு பாத்திரம் நகர்ந்தது. இங்கே கத்தி தட்டுகிற சத்தம். பேச்சு என்று ஒன்றும் இல்லை. நான் உள்ளே போய், எட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"பேசாம இருக்கதுக்கு எதுக்கு போனு?" என்றேன்.

உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்துவாள், சண்டை பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவ இப்பத்தாங்க தாளிக்க எண்ணெய வெச்சா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உடனே திரும்பக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். நாலு தடவைக்குப் பிறகு போனைத் துடைத்து ப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து, புடலங்காயை நறுக்கிக்கொண்டே எனக்கு எல்லாம் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால் காலையில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியிருக்கிறது. போனை மேடையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அணைத்து, துடைத்து, குழம்பையும் ஒரு கிளறு கிளறிவிட்டு வந்து பார்த்தால் அக்கா இன்னும் லைனில் இருக்கிறாள். "வச்சிராதட்டி, அப்படியே இருக்கட்டும். அடுப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாச்சு" என்றாளாம். உங்க வீட்டு அடுப்புக்கு என்ன என்று இவள் கேட்க, அப்போதுதான் வெளியே வந்தது. பெரியப்பா போன நாளிலிருந்து அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒருத்திக்காக எதற்கு என்று விட்டுவிட்டாள். காலையில் முக்குக் கடையில் பன்னும் டீயும், ராத்திரிக்கும் பன். உடம்பு பாதியாகிவிட்டது, வாசல்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

உன் அம்மா அவளிடம் வற்புறுத்தவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தினமும் சமைக்கும் நேரத்தில் போனைப் போட்டு உப்பு ஜாடியில் சாய்த்துவிட்டாள், அவ்வளவுதான். முதல் வாரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாவது வாரம் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம். பிறகு ஒருநாள் குக்கர் விசில். சோற்றை வடித்து மோரை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் வாசலில் நின்று கடிகாரம் பார்த்த அன்றைக்குத்தான், ஆறு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு குழம்பு வைக்க எண்ணெயைக் காயவைத்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா அதையும் லிஸ்ட்ல சேத்து டிக் அடிப்பீங்க."

சாயங்காலம் ஒரு தடவை பெரியம்மா போனை எடுத்தாள். தம்பி அப்போ வீட்டுக்கு வந்திருந்தாராட்டி என்று கேட்டுவிட்டு, எனக்காகப் போனை வீணாக்க வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு காலையில் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை. உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டு விசாரித்தாள். மறுபடியும் பன்னும் டீயும்தான் என்று தெரிந்தது. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வழக்கம்போல் டிபன் பாக்ஸ் கட்டினாள், வழக்கம்போல் ருசியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. அந்த வாரம் நோட்டை எடுத்து ஐந்து டிக்கையும் பார்த்தேன். ஒவ்வொரு டிக்கும் ஒரு பொய். பொய் சொன்னவள் அவள் இல்லை, பாப்பா. சாப்பிட்டாச்சா என்று கேட்கிறவன் கையில் பேனாவோடு பன்னிரண்டு நிமிஷத்துக்குள் பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், யாராக இருந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்லுவார்கள். ஒரு கோளாறுள்ள செட்டைக்கூட நான் கோட்டை விட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன், வீட்டு மனுஷியை ஐந்து மாதம் பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் இவ்வளவு பெரிய முட்டாளா என்று இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பயமாகவும் இருந்தது.

அடுத்த பதினாறு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பில் தேதி முடிய இரண்டு நாள். அன்றைக்குப் பெரியம்மா எடுப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அது என் தேதி. தங்கச்சி போனை எடுக்காமல் இருக்கலாம், தங்கச்சி வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை கூப்பிடும்போது எடுக்காவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறவள் அவள். பத்தரைக்கு அடித்தேன். எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "சொகந்தான் தம்பி. சாப்ட்டாச்சு" என்றாள். லிஸ்டில் உள்ள கேள்விகளுக்கு எல்லாரையும் நான் எப்படிப் பழக்கி வைத்திருந்தேன் பார்.

"மதினி, அன்னைக்குப் போன வச்சது அவ இல்ல. நான்தான்" என்றேன். "எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு எம்மேலதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பழைய வியாதி, பேச்சு நின்றால் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போகும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, போனை உப்பு ஜாடியில் சாய்த்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "இருக்கீங்களா தம்பி?" என்று கேட்டாள். இருக்கேன் மதினி என்றேன். அங்கே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது. அவன் குரல் தேய்ந்து மறைகிறவரைக்கும் கேட்டேன். "இருக்கீங்களா?" என்று மறுபடி கேட்டாள். "இருக்கேன் மதினி. எங்கயும் போகல."

நாற்காலி நகர்ந்தது. டப்பா ஏதோ திறந்தாள். பிறகு கேஸ் லைட்டரை அமுக்குகிற சத்தம், டிக் டிக் என்று, இரண்டு தடவை பற்றவில்லை, மூன்றாவது தடவை பற்றியது. நான் எழுந்து போய்க் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் போனை எடுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் தொடவே இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நம் அடுப்பைப் பற்றவைத்து வாணலியைப் போட்டாள். இரண்டு வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது. முதலில் வெடித்தது கோவில்பட்டிக் கடுகு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து படபடவென்று வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கரகரப்பு கேட்டால் ஒதுக்கி வை என்று வேலை பார்த்த காது, அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று தவித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பெரியம்மா வைத்தது வெறும் ரசம்தான், வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டில் கை படுகிற சத்தம் வரைக்கும் நாங்கள் கேட்டோம்.

மறுநாள் உன்னிடம் வந்து, ஊருக்குப் பேச இந்த நிமிஷம் போதவில்லை, பெரிய ப்ளானாக இருந்தால் மாற்று என்று நான் கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹவ், அப்படியா? லிஸ்ட்ல இன்னும் எத்தன பேர் அப்பா?" என்றாய். ஏன் என்று கேட்காமல் மாற்றியும் கொடுத்தாய். லிஸ்ட் பெரிதாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய், நானும் அப்படியே விட்டுவிட்டேன். உன் அப்பா ஒரு துக்க வீட்டில் அடுப்பை அணைத்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையில் லிஸ்ட் பாதியாகிவிட்டது. காலை அரைமணி நேரம் பெரியம்மாவுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் மற்ற பேச்செல்லாம். மாமாவை இப்போது தேதி பார்க்காமல் நினைத்தபோது கூப்பிடுகிறேன். என்னவே, இன்னைக்குத் தேதி ஒண்ணுதானே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று அவர் பதறிப்போனார்.

பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீயே பார்த்தாய். போன மாதம் உன்னை வழியனுப்ப வந்து பத்து நாள் இருந்து, நம் சமையலறையைத் தலைகீழாக மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பெருங்காய டப்பாவை உன் அம்மா இன்னும் தேடுகிறாள். நிமிஷக் கணக்கெல்லாம் இப்போது மலிந்துவிட்டது, பதினெட்டாம் தேதியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். காலை பத்தரைக்கு நான் பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் போய் உட்காருவது இதற்குத்தான். நீ அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குச் சமையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று கேலி செய்தாய். அக்கா தங்கச்சி இருவரும் அரைமணியில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். உப்பு போட்டேனா என்று இங்கே கேட்டால், போட்டாச்சுட்டி என்று அங்கிருந்து பதில் வரும். இதைவிட நல்ல பொழுது எனக்கு ஒரு நாளில் வேறு இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கப்புறம் ஆபீஸுக்குப் பக்கம் என்று நீ மாதாப்பூர் ஹாஸ்டலில் இருந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வாய். வேலை நல்லா போகுது, உடம்பு நல்லாருக்கு, சாப்ட்டாச்சு என்று உன் ஆபீஸ் மீட்டிங் மாதிரி வரிசையாகச் சொல்லி முடிப்பாய். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு வருஷம் சங்கராந்திக்கு நீ வீட்டுக்கு வந்து நின்றபோது வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. உன் அம்மா அதை இறக்கிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நீ மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டு நாலு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்திருக்கிறாய், நான் வாராவாரம் ஆச்சு என்பதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஒரு தடவை பட்டும் எனக்குப் புத்தி முழுசாக வரவில்லை.

நீ போவதில் எனக்கு வருத்தம் இல்லை, பாப்பா. உன் வேலையைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களே கூப்பிட்டு அனுப்புகிறார்கள், எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே உனக்கு வேலை இருக்கும், புது மனிதர்கள் இருப்பார்கள், எங்களுக்கு என்று கிடைக்கிற நேரம் குறைவுதான். எங்களுக்காகச் செய்திகளைச் சேர்த்து வைக்காதே. சொல்ல ஒன்றும் இல்லையே என்று போன் செய்யாமலும் இருக்காதே.

போன வாரம் உன் அம்மா உனக்குத் தாளிக்கச் சொல்லிக் கொடுத்தாள். எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே கடுகைப் போட்டுவிட்டு, ஏன் வெடிக்கவில்லை என்று வாணலியை முறைத்துக்கொண்டு நின்றாய். பொறுமையாக இரு, வெடிக்கும். உனக்கு அங்கே சனிக்கிழமை சாயங்காலம் சமைக்கிற நேரம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. கூப்பிட்டு, போனை அடுப்புப் பக்கத்தில் எதன்மேலாவது சாய்த்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார். சாப்பிட்டாயா என்று நான் இனிமேல் கேட்கமாட்டேன், நீயும் ஆச்சு என்று சொல்ல வேண்டாம். பாதியில் உனக்குச் சந்தேகம் வந்தால் இருக்கீங்களா அப்பா என்று மட்டும் கேள். நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன்
அப்பா